எழுதியது அக்காவும் தங்கையும், அட்டையில் ஒரே பெயர்: யார் இந்த ஸ்ட்ரிக்லேண்ட் சகோதரிகள்?

இங்கிலாந்து அரசிகளின் வரலாற்றை 12 தொகுதிகளாக எழுதியது யார்னு தேடினால், ஆக்னஸ் ஸ்ட்ரிக்லேண்ட் என்ற பெயர்தான் அட்டையில் இருக்கும். ஆனா எழுதியது இரண்டு பேர். இன்னொருவர் அவரோட அக்கா எலிசபெத்.

இவர்கள் வளர்ந்தது சஃபோக் பகுதியில் உள்ள ரெய்டன் ஹாலில். 1818-ல் அப்பா இறந்தார். குடும்பம் பணக் கஷ்டத்தில் தவித்தது. படித்த பெண்களுக்கு வேலைகள் மிகக் குறைவான காலம் அது. எழுத்துதான் கைகொடுத்தது. 6 சகோதரிகளில் 5 பேர் எழுத்தாளர்கள். சுசன்னாவும் கேத்தரினும் 1832-ல் கனடாவுக்குப் போய், அங்கிருந்தும் எழுதினார்கள்.

ஆக்னஸும் எலிசபெத்தும் குழந்தைகளுக்கான கதைகளில் தொடங்கியவர்கள். வரலாற்றுச் சிறுவர்களின் கதைகளை ஆக்னஸ் 1830-களில் புத்தகமாக்கினார். அடுத்து அரசிகள் வரலாறு. 1840 முதல் 1848 வரை வெளியானது.

அது சும்மா வந்துவிடவில்லை. அரசு ஆவணங்களைப் பார்க்க அனுமதி கேட்டபோது உள்துறை அமைச்சர் ஜான் ரஸ்ஸல் மறுத்தார். அவருக்குப் பின் வந்த நார்மன்பி பிரபுதான் கதவைத் திறந்துவிட்டார். பழைய கடிதங்களைப் படித்து எழுதிய தொகுதிகளுக்கு நல்ல வரவேற்பு.

சரி, எலிசபெத்தின் பெயர் எங்கே போச்சு? யாரும் பறிக்கவில்லை. விளம்பரம் பிடிக்காததால் தன் பெயரைப் போட வேண்டாம் என்றவர் அவரேதான். விளைவு? பல அரசிகளின் வாழ்க்கையை அவர் எழுதியும், புகழ் முழுக்க ஆக்னஸுக்கே போனது. 1870-ல் ஆண்டுக்கு 100 பவுண்ட் அரசு ஓய்வூதியமும் ஆக்னஸுக்குக் கிடைத்தது. 1874-ல் ஆக்னஸ் மறைந்தார். அடுத்த ஆண்டே எலிசபெத்தும்.

அந்தத் தொகுதிகள் உங்கள் கைக்கு வந்தால், அட்டையில் இல்லாத அக்காவையும் சேர்த்தே படியுங்கள்.