நேரம் பார்க்காத சுவாமி

புனித யோசேவாஸ் அடிகளாரைப் பற்றி எமது கல்லூரியில் படித்தவர்களுக்குப் புதிதாக என்ன சொல்வது? கோவாவிலிருந்து வந்தவர், பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத் தெருக்களில் திரிந்தவர், கண்டியில் செபித்து மழை பெய்வித்தவர் என்று எழுதி மறைக்கல்விச் சோதனையில் நாம் எல்லோரும் புள்ளி வாங்கியிருக்கிறோம். மழைக் கதையைச் சொல்லும் அளவுக்கு அவருடைய இரவுகளை எவரும் சொல்வதில்லை. எமக்கோ அந்த இரவுகளே பெரிதாகப் படுகின்றன.

1651இல் கோவாவின் பெனாவ்லிம் கிராமத்தில் பிறந்தார். 1676இல் குருவானார். அதற்கு முன்பே இங்கே நிலைமை மாறிவிட்டது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை நாடு கடத்தினார்கள். குருவானவரை வீட்டில் மறைத்து வைத்தால் மரண தண்டனை என்று கட்டளையும் போட்டார்கள். அதன்பின் சனங்கள் தாங்களாகவே செபமாலை சொன்னார்கள். மூப்பர்மார் பிரார்த்தனை நடத்தினார்கள். அவசரத்துக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். பாவசங்கீர்த்தனம் மட்டும் அப்படியல்ல, அதைக் கேட்கக் குருவானவர் வேண்டும். கோட்டை விழுந்தபோது 20 வயதாயிருந்த ஒரு பெண், அடிகளார் 1687இல் வந்து சேர்ந்தபோது 49 வயதுக்காரி. இடைப்பட்ட காலத்தில் பிள்ளை பெற்றிருப்பாள், பேரப்பிள்ளையும் கண்டிருப்பாள், தாய் தகப்பனை அடக்கம் செய்திருப்பாள். மனதில் கிடந்ததை இறக்கி வைக்க ஒரு சுவாமி இல்லை.

தூத்துக்குடியில் தோணி ஏறி வந்தவரை முதலில் வயிற்றோட்டம் வாட்டியது. ஒரு பெண் இரங்கிக் கொடுத்த கஞ்சியில்தான் உயிர் தப்பினார் என்று அவருடைய சரித்திரம் சொல்கிறது. தேறியதும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். அதைக் கண்டு எந்த வீட்டார் முகம் மாறுகிறது என்று பார்த்தே கத்தோலிக்கரை அறிந்துகொண்டார். பிறகு சில்லாலை மக்கள் அவரைத் தங்களிடம் வைத்துக் காப்பாற்றினார்கள். அங்கிருந்து இருட்டியபின் ஊர் ஊராகப் போவார். பாவசங்கீர்த்தனம் கேட்பார், பூசை வைப்பார், விடிவதற்குள் இடம் மாறிவிடுவார். பகலில் வர முடியாத சனங்களுக்காக அவர் இரவையே வேலை நேரமாக்கிக்கொண்டார். 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தர் சுற்றிவளைத்துப் பிடித்தபோதும் அடிகளார் அவர்கள் கையில் அகப்படவில்லை.

புத்தளம் வழியாகக் கண்டி போனார். போர்த்துக்கேய உளவாளி என்று 1692இல் அவரைச் சிறைப்பிடித்தார்கள். காவல் தளர்ந்து, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் நம்பிக்கையைப் பெற்றபின், ஒல்லாந்தர் ஆண்ட கொழும்புக்கும் மாறுவேடத்தில் போய் வந்தார்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னன் நகரை விட்டு வெளியேறினான், வசதியுள்ளவர்களும் போய்விட்டார்கள். ஜென்னரின் அம்மைப்பால் வருவதற்கு இன்னும் 99 ஆண்டுகள் இருந்தன. அடிகளாரும் அவருடைய மருமகனான கார்வாலோ சுவாமியும் நோயாளரைக் கொட்டில்களில் வைத்துப் பராமரித்தார்கள், கழுவினார்கள், இறந்தவர்களுக்குக் குழி வெட்டினார்கள். எம்மில் வைத்தியசாலைகளில் வேலை செய்பவர்களுக்கு இது வெறும் புண்ணியக் கதையாகத் தெரியாது. அம்மை கண்டவன் சாவதற்கு நேரம் பார்ப்பதில்லை. கூப்பிட்டதும் வர அங்கே ஆள் இருந்தது.

இன்று எமது பங்குகளில் பாவசங்கீர்த்தனம் பெரும்பாலும் சனிக்கிழமை மாலை, அல்லது ஞாயிறு பூசைக்கு முன் பத்து நிமிடம். மாலை முறை வேலையிலிருக்கும் தாதி அதற்குப் போக முடியாது. வெளிநாடுகளில் எம் தோழிகளில் சிலர் தமிழில் சொல்வதற்கு மாதத்தில் ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். சுவாமிமாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மூன்று நான்கு கோவில்களை ஒருவரே ஓடி ஓடிப் பார்க்கும் இடங்களை நாம் அறிவோம். ஆனாலும் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் மக்களுக்கு வசதியான நாளிலும் நேரத்திலும் இதற்கு இடமளிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. சாவு நெருங்கியவரிடம் எந்தக் குருவும் கேட்கக் கடமைப்பட்டவர். இது பலருக்குத் தெரியாததால், இரவு இரண்டு மணிக்கு வார்ட்டில் ஒருவர் சுவாமியைக் கேட்கும்போது, தொந்தரவு செய்யக்கூடாதென்று உறவினர் விடியும்வரை பொறுத்துவிடுகிறார்கள். பொறுக்க வேண்டாம், தொலைபேசி எடுங்கள் என்றே நாம் சொல்வோம்.

அடிகளாரின் சரித்திரத்தில் எம்மை அதிகம் நிறுத்தும் இடம் வேறொன்று. 1687 முதல் கோவாவிலிருந்து துணைக் குருக்கள் வரும் வரை, ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள், தீவில் அவர் ஒருவரே குருவானவர். எத்தனையோ பேரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டவருக்குத் தன்னுடையதைச் சொல்ல ஒருவரும் இல்லை. அவர் காலத்துச் சனங்கள் 29 ஆண்டுகள் பட்ட குறையை அவரும் பட்டிருக்கிறார். இருட்டில் அத்தனை ஊர்களுக்கு நடந்ததற்கு இந்த அறிவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பது எமது எண்ணம்.

1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் இறந்தார், வயது 59. அப்போது கோவாவின் ஓரட்டோரியன் சபைக் குருக்கள் பலர் இங்கே பணியில் இருந்தார்கள். எம்மில் பலர் பாடசாலைச் சீருடையில் இருந்த 1995இல் காலிமுகத்திடலில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015இல் அதே திடலில் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். அவரை அடக்கம் செய்த இடம் மட்டும் கண்டியில் எங்கே என்று இன்று எவராலும் காட்ட முடியாது.