கபிரியேல் ழூவோ துப்ரெய்

கபிரியேல் ழூவோ துப்ரெய் (1885 – ஜூலை 14, 1945) தென்னிந்தியக் கோயிற்கலையையும் பல்லவர் வரலாற்றையும் ஆய்ந்த பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஆவார். புதுச்சேரிக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றியவாறே ஆய்வு செய்து, பாரிஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் உள்ள அரிக்கமேடு, பண்டைய உரோமானியருடன் வணிகத் தொடர்பு கொண்டிருந்த இடம் என்பதை முதலில் உணர்ந்து அறிவித்தவரும் இவரே. தமிழ் நூல்களில் இவர் பெயர் துப்ராய், துப்ரேல் எனப் பலவாறாக எழுதப்படுகிறது.

ஆசிரியரும் மாணவரும்

துப்ரெய் புதுச்சேரிக்கு வந்தது 1909 ஆம் ஆண்டில். அவர் பயின்றது அறிவியல். வடமொழியோ கல்வெட்டியலோ அவரது முதற்பாடங்கள் அல்ல. இக்குறை அவரது ஆய்வின் போக்கையே தீர்மானித்தது எனலாம். ஏட்டிலிருந்து கோயிலுக்குச் செல்வதே அக்கால அறிஞர் பலரின் வழக்கம். துப்ரெய் கோயிலிலிருந்து தொடங்கினார்.

ஆய்வுக்குப் புதுச்சேரி வசதியான இடமாக இருந்தது. பிரெஞ்சு ஆட்சிப் பகுதிக்குள்ளேயே வில்லியனூர், பாகூர், திருபுவனை ஆகிய ஊர்களில் பழைய கோயில்கள் இருந்தன. விழுப்புரம் வரையிலான இரயில் பாதை 1879 இலேயே அமைக்கப்பட்டுவிட்டது. தளவானூர், மண்டகப்பட்டு, பனைமலை போன்ற பல்லவர் இடங்கள் விழுப்புரம், செஞ்சிப் பகுதிகளிலேயே உள்ளன. காஞ்சிபுரமும் மாமல்லபுரமும் வெகு தொலைவில் இல்லை. ஆய்வுக்குரிய சான்றுகள் அனைத்தும் ஆசிரியப் பணியை விடாமலேயே சென்று பார்க்கக்கூடிய இடங்களில் அமைந்திருந்தன.

முனைவர் பட்ட ஆய்வு

துப்ரெயின் ஆய்வேடு தென்னிந்தியத் தொல்லியலைப் பற்றியது. கட்டடக்கலை ஒரு தொகுதியாகவும், தெய்வத் திருவுருவங்கள் மற்றொரு தொகுதியாகவும் அமைந்த அது 1914 இல் பாரிஸில் கிமே அருங்காட்சியக வெளியீட்டு வரிசையில் நூலாக வந்தது. முதற்பகுதியின் ஆங்கில வடிவம், வரலாற்றறிஞர் சா. கிருஷ்ணசாமி ஐயங்காரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1917 இல் சென்னையில் வெளியானது. இரண்டாம் பகுதி 1937 இலேயே ஆங்கிலத்தில் வந்தது. து. அ. கோபிநாத ராவின் புகழ்பெற்ற இந்துத் திருவுருவவியல் நூலின் முதற்பகுதி வெளியானதும் அதே 1914 இல் என்பது குறிப்பிடத்தக்கது. ஒரே பொருளைப் பற்றி இருவேறு வழிகளில் இருவர் ஒரே காலத்தில் உழைத்துள்ளனர்: ஒருவர் ஆகமங்களையும் சிற்ப நூல்களையும் முதன்மைச் சான்றாகக் கொண்டார், மற்றவர் கண்ணெதிரே நின்ற கல்லைக் கொண்டார்.

அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் எளிதாகக் கூறக்கூடியது. கல்வெட்டு இல்லாத ஒரு கோயிலின் காலத்தை எவ்வாறு அறிவது? ஜேம்ஸ் பெர்குசன் 1876 இல் எழுதிய இந்தியக் கட்டடக்கலை வரலாறு, தென்னகக் கோயில்களை விரிவாகப் பேசியபோதிலும் காலக்கணிப்பில் பெரிதும் ஊகத்தையே நம்பியிருந்தது. பின்னர் எ. உல்ச், வி. வெங்கையா ஆகியோரின் உழைப்பால் ஆயிரக்கணக்கான கல்வெட்டுகள் படிக்கப்பட்டு, மன்னர்களின் வரிசையும் ஆட்சிக் காலங்களும் தெளிவடைந்தன. அலெக்சாந்தர் ரே பல்லவர் கட்டடக்கலை பற்றிய வரைபடங்களுடன் கூடிய நூலை 1909 இல் வெளியிட்டார். ஆனால் கல்வெட்டறிஞர் பெற்ற இந்த அறிவைக் கட்டட உறுப்புகளோடு முறைப்படி இணைத்துப் பார்க்கும் பணி எஞ்சியிருந்தது.

போதிகை காட்டிய காலம்

உயிரியலாளர் உயிரினங்களை வரிசைப்படுத்துவதுபோல் துப்ரெய் கோயில் உறுப்புகளை வரிசைப்படுத்தினார். முழுக் கட்டடத்தை ஒரே பார்வையில் மதிப்பிடாமல், போதிகை, தூண், கூடு, பஞ்சரம், கோட்டம், வாயிற்காவலர் எனத் தனித்தனியே பிரித்துக்கொண்டார். கல்வெட்டால் காலம் உறுதியான கோயில்களில் ஓர் உறுப்பு எவ்வடிவில் உள்ளது என்பதை முதலில் குறித்துக்கொண்டார். அவ்வடிவங்களைக் கால வரிசையில் அடுக்கியபோது மாற்றம் படிப்படியாக நிகழ்ந்திருப்பது புலப்பட்டது.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு போதிகை ஆகும். தூணின் தலைக்கும் மேலுள்ள உத்திரத்துக்கும் இடையே கைவிரித்துத் தாங்கும் உறுப்பு இது. பல்லவர் காலத்தில் இது வளைவாக, அலையலையான வரிகளுடன், நடுவில் ஒரு பட்டையுடன் காணப்படும். சோழர் காலத்தில் வளைவு மறைந்து சாய்வாக வெட்டப்பட்டு, நடுவில் சிறு முனை ஒன்று முன்னே நீளும். அம்முனை பின்னர் மெல்ல மெல்லப் பூவடிவம் பெறத் தொடங்கும். விசயநகரக் காலத்தில் அது கீழ்நோக்கிய மொட்டாகும். நாயக்கர் காலத்திலும் அதன் பின்னரும் வாழைப்பூப் போலத் தொங்கும். கூட்டின் உச்சியும் இவ்வாறே. பல்லவர் கூட்டின் முடி மண்வெட்டித் தகடு போன்றது. சோழர் காலத்தில் அவ்விடத்தில் சிங்க முகம் வந்துவிடும். பல்லவர் வாயிற்காவலர்க்கு இரண்டே கைகள்; பிற்காலத்தோர்க்கு நான்கு.

இந்த அளவுகோலைக் கொண்டு அவர் தென்னகக் கட்டடக்கலையை ஐந்து காலங்களாகப் பகுத்தார். பல்லவர் காலம், சோழர் காலம், பிற்காலப் பாண்டியர்க்கு உரியதாகப் பொதுவாகக் கூறப்படும் காலம், விசயநகரக் காலம், 1600 க்குப் பிந்திய காலம் என்பன அவை. இன்றும் தமிழகக் கோயில்களைப் பற்றிய பாடநூல்களில் இப்பகுப்பு சிற்சில மாற்றங்களுடன் காணப்படுகிறது. ஒரு கோயில் மண்டபத்தில் நின்று தூணை அண்ணாந்து பார்த்து நூற்றாண்டைச் சொல்லும் வழக்கமும் இவ்வாய்விலிருந்து பரவியதே.

உறுப்புகளின் பெயர்களை அவர் நூல்களில் மட்டும் தேடவில்லை. அக்காலத்தில் கோயில் பணியில் இருந்த சிற்பிகளிடமே கேட்டறிந்தார். பழைய மரபு அறுபடாமல் அவர்கள் கையில் தொடர்வதை அவர் கண்டார். அதே காலத்தில் ஓர் இழப்பும் நிகழ்ந்துகொண்டிருந்தது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நடந்த பெரும் திருப்பணிகளில் பல பழங்கோயில்கள் பிரிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டன. ஓர் ஆய்வாளர் இவ்வாண்டு பார்க்கத் தவறிய விமானம் அடுத்த சில ஆண்டுகளில் இல்லாமற்போகக் கூடும் என்ற நிலையில்தான் அவரது களப்பணி நடந்தது.

பல்லவர் ஆய்வுகள்

பட்டம் பெற்றபின் துப்ரெய் பல்லவரிடமே மிகுந்த நாட்டம் கொண்டார். பல்லவர் தொல்பொருள்கள் பற்றிய நூல் 1916 இலும் 1918 இலும் இரு பகுதிகளாகவும், பல்லவர் வரலாறு 1917 இலும், காஞ்சியில் கிடைத்த முதலாம் மகேந்திரவர்மன் கல்வெட்டு பற்றிய சிறுநூல் 1919 இலும் வெளிவந்தன. பல்லவர் கலையில் மகேந்திரன் பாணி, மாமல்லன் பாணி, இராசசிம்மன் பாணி என்ற வரிசையை நிலைநிறுத்தியவர்களுள் இவர் முதன்மையானவர். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் சிற்றறைச் சுவர்களில், சுண்ணாம்புப் பூச்சின் அடியில் மறைந்திருந்த பல்லவ ஓவியங்களை 1931 இல் இவர் கண்டறிந்தார்.

1920 இல் வெளியான தக்காணத்தின் பழைய வரலாறு பற்றிய நூலில், குப்தப் பேரரசன் சமுத்திரகுப்தனின் தென்னகப் படையெடுப்பை மறு ஆய்வு செய்தார். அலகாபாத் தூண் கல்வெட்டில் வரும் ஊர்ப்பெயர்களை மேற்குத் தக்காணத்தில் தேடிய முந்தைய கருத்தை அவர் மறுத்தார். அவ்வூர்கள் கிழக்குக் கடற்கரையை ஒட்டியே உள்ளன என்பது அவர் முடிவு. இது பெரும்பாலும் ஏற்கப்பட்டது. தென்னக மன்னர்கள் ஒன்றுகூடிச் சமுத்திரகுப்தனைத் தடுத்துத் திருப்பி அனுப்பினர் என்ற அவரது மற்றொரு கருத்துக்கு அத்தகைய வரவேற்புக் கிடைக்கவில்லை.

முறையின் எல்லை

பாணியைக் கொண்டு காலம் கணிப்பதில் உள்ள இடரைத் துப்ரெயின் சொந்த ஆய்வே காட்டுகிறது. புதுக்கோட்டைப் பகுதியில் உள்ள சித்தன்னவாசல் குடைவரையின் ஓவியங்களைப் பற்றிக் கோபிநாத ராவ் வழியாக அறிந்த அவர், 1920 இல் பல்லவர் ஓவியம் என்ற சிறுவெளியீட்டில் அவற்றை உலகறியச் செய்தார். குடைவரையின் அமைப்பு மகேந்திரவர்மன் குடைவரைகளை ஒத்திருந்ததால் ஓவியமும் அம்மன்னன் காலத்தது என்று கொண்டார். ஆனால் அக்குகையில் பாண்டியன் சிறீமாற சிறீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்னும் சமண ஆசிரியர் செய்த புதுப்பிப்பைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. அதனைக் கொண்டு ஓவியங்கள் 9 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனப் பின்னையோர் கருதினர். குடைந்த காலமும் தீட்டிய காலமும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. மாமல்லபுரச் சின்னங்களைப் பாணி வேறுபாட்டால் வெவ்வேறு மன்னர்க்கு உரியனவாக்கியதையும் இரா. நாகசாமி 1962 இல் மறுத்தார். அவை அனைத்தும் இராசசிம்மன் ஒருவனுடையவையே என்பது அவர் வாதம். ஒரே மன்னனின் சிற்பிகள் பல பாணிகளில் வேலை செய்திருக்கலாம் என்ற இவ்வையம், துப்ரெயின் முறையின் அடிப்படையையே தொடுவதாகும். அவ்விவாதம் முழுமையாக முடியவில்லை.

சிலைகள் வெளியேறியமை

துப்ரெய் சான்றுகளை ஆராய்ந்ததோடு அவற்றைத் திரட்டவும் செய்தார். 1926 இல் குண்டூர் மாவட்டம் கோலி என்னும் ஊரில் அவர் வெளிப்படுத்திய பௌத்தத் தூபியின் சலவைக்கல் புடைப்புச் சிற்பங்களுள் பல சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. ஆனால் ஏறத்தாழ அதே காலத்தில் காஞ்சிபுரப் பகுதியில் அவர் திரட்டிய 10 ஆம் நூற்றாண்டு யோகினிச் சிலைகள் பாரிஸிலிருந்த கலைப்பொருள் வணிகர் சி. டி. லூவிடம் சென்றன. அவர் வழியாக அச்சிலைகள் ஐரோப்பிய, வட அமெரிக்க அருங்காட்சியகங்களுக்குச் சிதறின. ஒரே கோயிலுக்கு உரிய தெய்வத் தொகுதி இன்று பல நாடுகளில் தனித்தனியே நிற்கிறது. அவை எந்தக் கோயிலில் எவ்வரிசையில் இருந்தன என்பதை இனி உறுதியாகக் கூற இயலாது. தொல்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் தனிச்சட்டம் இந்தியாவில் 1947 இலேயே வந்தது. எனினும், ஒரு பொருளை அதன் இடத்தோடு வைத்து ஆராயவேண்டும் என்பதைத் தம் ஆய்வேடு முழுவதும் காட்டிய ஒருவர் இதில் பங்கு கொண்டது முரணாகவே தோன்றும்.

வீராம்பட்டினமும் அரிக்கமேடும்

வீராம்பட்டினம் புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கும் பகுதியில் அமைந்த மீனவர் ஊர். ஆடி மாதத்தில் நடைபெறும் செங்கழுநீர் அம்மன் தேர்த்திருவிழா புகழ் பெற்றது. அதையொட்டி ஆற்றங்கரையில் உள்ள மேடே அரிக்கமேடு ஆகும். வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காண 1768 இல் புதுச்சேரி வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தி, இப்பகுதியில் கிடந்த பழைய செங்கற்களைப் பற்றி எழுதியுள்ளார். (1769 இல் அந்நிகழ்வின்போது வானம் மேகமூட்டமாக இருந்ததால் அவர் வந்த வேலை நிறைவேறவில்லை.) அதன்பின் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அம்மேட்டை எவரும் பொருட்படுத்தவில்லை.

மழைக்குப் பின் மண் கரைந்து வெளிப்படும் வண்ண மணிகளை ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கி வந்தனர். துப்ரெய் அவற்றைப் பெற்றுச் சேர்த்தார். 1937 இல் அவர் கைக்கு ஒரு மனிதத் தலை செதுக்கப்பட்ட மணிக்கல் கிடைத்தது. அது உரோமப் பேரரசன் அகசுட்டசின் உருவம் என அவர் முடிவு செய்தார். போதிகையில் செய்த அதே வேலைதான் இங்கும்: ஒரு சிறு பொருளின் வடிவத்தைக் கூர்ந்து நோக்கி, அது எந்த இடத்தையும் காலத்தையும் சேர்ந்தது என உய்த்துணர்தல். இங்கு ஓர் உரோமானிய நகரம் இருந்தது என்று அவர் பிரெஞ்சு ஆட்சியாளர்க்கு அறிவித்தார். 1940 இல் பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியின் இதழில் குறிப்பும் எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தின் அ. ஐயப்பன் இடத்தை ஆராய்ந்து 1941 இல் எழுதினார். அவ்வாண்டு முதல் போஷே, சுர்லோ ஆகிய பிரெஞ்சுக்காரர்கள் அங்கே தோண்டினர். அவர்கள் தொல்லியல் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். எப்பொருள் எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்பது போதிய அளவு பதிவாகவில்லை.

இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக 1944 இல் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மதுச்சாடித் துண்டு ஒன்றைக் கண்டு புதுச்சேரிக்குச் சென்றார். அங்கே பொது நூலகத்தில் வைக்கப்பட்டிருந்த ஓடுகளுள் இத்தாலிய அரெட்டைன் வகை இருப்பதை உணர்ந்து, 1945 இல் மண்ணடுக்கு முறையில் அகழாய்வு நடத்தினார். கால வரையறை தெரிந்த அவ்வோடுகளைக் கொண்டு தென்னிந்தியப் பானைவகைகள் பலவற்றுக்கும் முதன்முறையாக உறுதியான காலம் கிடைத்தது. காலம் தெரிந்த ஒன்றைப் பற்றிக்கொண்டு தெரியாதவற்றை அடுக்குவது துப்ரெய் கல்வெட்டுகளைக் கொண்டு செய்ததே. வீலர் அதனை மண்ணடுக்கில் செய்தார். அவரது அறிக்கை 1946 இல் வெளிவந்தது. துப்ரெய் அதைக் காண உயிருடன் இல்லை.

பின்னர் 1947 முதல் 1950 வரை கசால் என்பவரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கு அகழ்ந்தனர். உரோமானியத் தொடர்புக்கு முன்னரே உள்ளூர் மக்கள் அங்கு வாழ்ந்தனர் என்றும், வாழ்வு பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது என்றும் அவ்வாய்வுகள் காட்டின. துப்ரெய் எண்ணியதுபோல் அது உரோமானியர் நகரமன்று. உரோமானியப் பொருள்கள் வந்திறங்கிய தமிழகத் துறைமுகமே. பெரிப்ளசு என்னும் கிரேக்கக் கடற்பயண நூல் கூறும் பொதுகே இதுவே என்பது பலரது கருத்து. அங்கு கிடைத்த பொருள்களுள் ஒரு பகுதி புதுச்சேரி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.