கைகளை மீட்ட சக்கர நாற்காலி டாக்டர்.. யார் இந்த மேரி வர்கீஸ்?

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் பிசியோதெரபி சென்டர்களில், ஸ்ட்ரோக் வந்தவர்களின் முன்கையில் பேட் ஒட்டி லேசாக கரண்ட் கொடுப்பதைப் பார்த்திருப்பீங்க. மடங்கிக் கிடக்கும் விரல் மெல்ல விரியும். உயிர் பிழைத்தால் மட்டும் போதாது, கை மறுபடி வேலைக்கு வரணும் என்பதுதான் மறுவாழ்வு மருத்துவம். அதற்கு நம்ம ஊரில் அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் டாக்டர் மேரி வர்கீஸ்.

1925ல் கொச்சி பக்கம் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் படித்து அங்கேயே டாக்டரானார். 1954 ஜனவரியில் பயணம் போன வண்டி கவிழ்ந்தது. தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. அப்போ வயசு 28 தான்!

ஆனால் கை இருக்கே? டாக்டர் பால் பிராண்ட் (இவர் பிறந்தது நம்ம கொல்லிமலையில்) கொடுத்த தைரியத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்யத் தொடங்கினார். தொழுநோயால் மடங்கிப்போன கைகள் அவை. நல்லா இயங்கும் தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றித் தைக்கணும். மணிக்கணக்கில் குனிந்து செய்கிற நுணுக்கமான வேலை.

பிறகு ஆஸ்திரேலியா, நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் கற்று வந்து, 1963ல் சி.எம்.சி.யில் அந்தத் துறைக்கே தலைவரானார். நோயாளிகள் தங்கி சிகிச்சை பெறும் மறுவாழ்வு மையம் 1966ல் வந்தது. 1972ல் பத்மஸ்ரீ. 1986ல் காலமானார். வேலூர் பாகாயத்தில் உள்ள அந்த மையத்துக்கு இப்போ அவர் பெயர்தான்.