தீயேறாத நாச்சியார்: வேலு நாச்சியார் வாழ்க்கை குறித்த ஒரு பெண்ணிய நோக்கு

சேது நாட்டின் தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்திற்கு மாற்றிய கிழவன் சேதுபதி 1710இல் மறைந்தபோது, அவருடைய மனைவியர் 47 பேர் அவரது சிதைத்தீயில் மாண்டனர். சேசு சபைத் துறவியரின் மடல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது. அவர்களுள் ஒருத்தி தன்னைக் காக்குமாறு வீரன் ஒருவனைப் பற்றிக்கொண்டதாகவும், அவன் உதறித் தள்ளியதில் தீக்குள் வீழ்ந்ததாகவும் அப்பதிவு அமைகிறது. உடன்கட்டையைக் கற்பின் விருப்பச் செயலெனப் போற்றுவோர் இப்பெண்ணைக் கண்டுகொள்வதில்லை.

இந்நிகழ்ச்சிக்கு 20 ஆண்டுகளுக்குப் பின், 1730இல், அதே சேதுபதி மரபில் செல்லமுத்து விஜயரகுநாத சேதுபதியின் மகளாகப் பிறந்தவர் வேலு நாச்சியார். படைக்கலப் பயிற்சி பெற்று வளர்ந்த அவர், சிவகங்கை முத்துவடுகநாதரை மணந்தார். 1772இல் நவாபுக்காக வந்த கும்பினிப் படை இராமநாதபுரத்தைக் கைப்பற்றியபின் காளையார்கோவிலைத் தாக்கியது; முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார்.

கைம்மையுற்ற நாச்சியார் தீயேறவில்லை. மகள் வெள்ளச்சியுடன், பிரதானி தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரர்களும் துணைவர விருப்பாட்சி சென்று, கோபால நாயக்கரிடம் அடைக்கலம் பெற்றார். ஐதர் அலியின் படையுதவியோடு 1780இல் சிவகங்கையை மீட்டு ஆட்சி புரிந்தார், 1796இல் மறைந்தார். அவரை உடன்கட்டை எதிர்ப்பாளராகக் காட்டுதல் மிகை. வாரிசான மகளும் மீட்கவேண்டிய நாடும் அவரை வாழச்செய்தன என்பதே பொருந்தும். எனினும், கணவனோடு முடியவேண்டிய உடல் என்னும் கருத்தாக்கத்தை அவ்வாழ்வு செயலளவில் தகர்த்தது.

ஆனால், அரசி ஏறாத தீயில் மக்கள் நினைவு மற்றொரு பெண்ணை ஏற்றியது. உடலில் எண்ணெய் ஊற்றித் தீயிட்டுக்கொண்டு ஆயுதக் கிடங்கில் பாய்ந்த குயிலியின் கதை, பெரிதும் வாய்மொழியாகவும் பிற்கால எழுத்தாகவுமே கிடைக்கிறது. குயிலி ஒடுக்கப்பட்ட குலத்தினள் என்றே பரவலாகச் சொல்லப்படுகிறாள். அரசகுலப் பெண்ணுடலிலிருந்து விலகிய தீ அடித்தளப் பெண்ணுடலுக்கு இடம்பெயர்ந்து, தியாகம் எனப் பெயர் பெறுவதை இவ்விடத்தில் காண்கிறோம். வன்முறை என்னும் சொல் அக்கதையாடலில் எழுவதேயில்லை.

உடையாளின் கதை வேறுவகையானது. நாச்சியார் சென்ற வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்ததால் அவள் வெட்டுண்டாள் என்பர். கொல்லங்குடி அருகே வெட்டுடையார் காளியாக அவள் வழிபடப்படுகிறாள். நாடு மீட்ட நாச்சியார் தம் தாலியை அவளுக்கே காணிக்கையாக்கினார் என்பது அவ்வூர் வழக்கு.