கற்ற பின் விட்டவர்

தூத்துக்குடிக் கடற்கரையில் நின்றால் முத்தும் சங்கும் நினைவுக்கு வரும். முத்தென்றால் மாலை, சங்கென்றால் வளையல் என்று எண்ணுவோர் பலர். முத்துபற்பம், சங்குபற்பம் என்று அவை சித்த மருத்துவரின் பெட்டியிலும் இடம் பெற்றவை என எண்ணுவோர் சிலரே. அந்தப் பெட்டியை வாழ்வின் நடுவழியில் கையிலெடுத்த ஆபிரகாம் பண்டிதரை இன்று நினைத்துப் பார்க்கிறோம்.

அந்நாளில் தூத்துக்குடியையும் தன்னுள் அடக்கியிருந்தது நெல்லை மாவட்டம். அதன் மேற்கே, மலையடிவாரத்துச் சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி. தஞ்சை லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் தமிழாசிரியர் பணி. துணைவியார் ஞானவடிவு பொன்னம்மாளுக்கும் அங்கேயே வேலை. மாதம் தவறாத சம்பளம், ஊர் மதிக்கும் உத்தியோகம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அவருக்கு வேண்டியிருந்தது! பாடம் சொல்லித் தந்தவரே பாடம் கேட்கும் மாணவரானார். சுருளிமலையில் கருணானந்தர் என்னும் துறவியிடம் மூலிகை முறைகளைக் கற்றார் என்பர். 1890-இல் பள்ளி வேலையைத் துறந்தார், முழுநேர மருத்துவரானார். அப்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அறுபது வயது வாழ்ந்தவருக்கு அது சரிபாதி!

பிறப்பே தொழிலைத் தீர்மானிக்கும் என்று நம்பிய காலம் அது. பிடித்த வேலையை விடுவதைப் பித்தம் என்று பேசிய காலம். ஆனால் அவர் வேலையை விட்டுவிட்டு வழி தேடியவரல்லர். வழியைக் கற்ற பின் வேலையை விட்டவர். துணிவுக்கும் துடுக்குக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

தஞ்சைக்கு வெளியே கருணானந்தபுரம் என ஆசான் பெயரில் தோட்டம் கண்டார், மூலிகை வளர்த்தார். அவருடைய கோரோசனை மாத்திரை புகழ் பெற்றது. வந்த பொருளைப் பூட்டி வைத்தாரா? இல்லை! 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் அமைத்தார். இசை மாநாடுகள் கூட்டினார். 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலைத் தந்தார். 1919-இல் மறைந்தார். மருந்து ஈட்டியது, தமிழிசை வாழ்ந்தது!

இன்று சித்த மருத்துவம் ஆசான் வீட்டுத் திண்ணைக் கல்வியன்று. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசுக் கல்லூரியே உண்டு. முறையாகக் கற்றுப் பட்டம் பெற்றே மருந்து கொடுக்க வேண்டும். முறை மாறியது, பாடம் மாறவில்லை. நாற்பதை எட்டிவிட்டோம், இனி என்ன கற்பது என்று கலங்கும் தோழர்களுக்கு நாம் சொல்வோம்: வயதைப் பார்க்காதீர், பண்டிதரைப் பாருங்கள். முதலில் கற்பீர், பிறகு துணிவீர்!