பாறை சரிந்த மறுநாள் கடற்கரைக்குப் போன மேரி ஆனிங்

நிலச்சரிவு எச்சரிக்கைன்னு கேட்டா நீங்க என்ன செய்வீங்க? அந்தப் பக்கமே போக மாட்டீங்க, இல்லையா?

மேரி ஆனிங் அப்படியில்லை. கடலோரப் பாறை சரிந்த கையோடு சுத்தியலுடன் அங்கே நிற்பார்.

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள லைம் ரீஜிஸ் ஊரில் 1799ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தை தச்சர். 1810இல் அவர் இறந்தபோது குடும்பத்துக்கு மிஞ்சியது கடன்தான். மேரிக்கு வயது 11. கரையில் கிடைக்கும் புதைபடிவங்களைச் சுற்றுப்பயணிகளிடம் விற்றுத்தான் சாப்பாடு.

அங்குள்ள செங்குத்துப் பாறையைப் படத்தில் பாருங்க. சுண்ணாம்புக்கல் ஓர் அடுக்கு, களிமண் பாறை ஓர் அடுக்கு, மறுபடியும் சுண்ணாம்புக்கல். நம்ம ஊர் கேக் லாப்பிஸ் மாதிரியே இருக்கும்! சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு அது. செத்துப்போன கடல் விலங்குகள் அதற்குள் புதைந்து கல்லாயின.

குளிர்கால மழையில் களிமண் ஊறும். கீழே அலை அரிக்கும். ஒருநாள் மேலே இருப்பது மொத்தமாகச் சரியும். சரிந்தால்தான் உள்ளே இருப்பது வெளியே தெரியும். ஆனா விட்டுவைத்தால் அதே அலை அதை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் அந்த அவசரம்.

1811இல் அண்ணன் ஜோசப் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டார். மறு ஆண்டு மற்ற எலும்புகளை மேரி கண்டெடுத்தார். முதலை என்று நினைத்தார்கள். அது இக்தியோசார் என்ற கடல் ஊர்வன. அப்போ மேரிக்கு 12, 13 வயசுதான்!

1823இல் கிடைத்தது பிளீசியோசார். கழுத்து அவ்வளவு நீளமாக இருந்ததால் அது போலி என்றே சந்தேகித்தார் பிரெஞ்சு அறிஞர் கூவியே. பிறகு தம் தவற்றை ஒப்புக்கொண்டார். லண்டன் புவியியல் சங்கத்தில் அந்த எலும்புக்கூட்டைப் பற்றிப் பேசியபோது மேரியின் பெயரை யாரும் சொல்லவில்லை. பெண்களுக்கு அங்கே இடமும் இல்லை.

1833 அக்டோபரில் பாறை மீண்டும் சரிந்தது. எப்போதும் கூடவே வரும் நாய் டிரே, அவர் கண்முன்னே மண்ணில் புதைந்து இறந்தது. சில அடி தள்ளி நின்றதால் மேரி பிழைத்தார். அதற்குப் பிறகும் போனார். வேறு வருமானம் ஏது?

1847இல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 47. புவியியல் சங்கம் பெண்களை உறுப்பினராக்கியது 1919இல்தான்.

லண்டன் போனால் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் அந்த பிளீசியோசாரைத் தேடிப் பாருங்க.