ரஹீம் ஆசிரியர்: தோல்வியைப் பாடமாக்கிய பெருமகன்

(வஹகோட்டைத் தமிழாசிரியர் ஒருவர் எழுதியது)

உதைபந்தாட்ட மைதானத்தில் ஆடுவோர் இருபத்திருவர். தீர்ப்பு வழங்குபவர் ஒருவர். ஆயினும் எல்லைக் கோட்டிற்கு அப்பால் நிற்கும் இரசிகர் ஒவ்வொருவரும் ஆட்டக்காரராகவும், பயிற்றுநராகவும், நடுவராகவும் ஒரே வேளையில் விளங்குகின்றனர். தம் அணி வென்றால் ஆட்டக்காரரைப் புகழ்கின்றனர். தோற்றாலோ இரண்டு காரணங்கள் ஆயத்தமாக இருக்கும். ஒன்று, நடுவர் நமக்கு அநீதி இழைத்தார் என்பது. மற்றொன்று, பயிற்றுநருக்கு அணியை நிறுத்தத் தெரியவில்லை என்பது. இவ்விரண்டையும் சொல்லி முடித்ததும் மனம் ஆறிவிடுகின்றது. ஆனால் மனம் ஆறிய அளவிற்கு அணி திருந்தியதாக ஒரு செய்தியும் இல்லை.

தோல்வியை வைத்துக்கொண்டு மனிதன் செய்யத்தக்க வேறொரு காரியம் உண்டு என்பதைத் தம் வாழ்நாள் முழுவதாலும் காட்டிச் சென்ற ஒருவரை நமது கல்லூரியின் இவ்விழா மலரில் நினைவு கூர்தல் பொருத்தமாகும். அவரும் நம்மைப் போலப் பாடசாலையைச் சார்ந்தவர், தொழிலால் ஆசிரியர். அவர்தாம் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம்.

1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 17ஆம் நாள், நிஜாம் மன்னரின் ஆட்சியிலிருந்த ஐதராபாத்தில் ரஹீம் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் கற்றார். அப்பல்கலைக்கழக அணியில் உதைபந்தாடினார். கல்வி முடிந்ததும் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு, காச்சிகுடா நடுத்தரப் பாடசாலை, சாதர்காட் உயர்தரப் பாடசாலை முதலியவற்றில் கற்பித்தார். உடற்பயிற்சிக் கல்வியிலும் தகுதி பெற்றார். 1943ஆம் ஆண்டில் ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளராகி, இறக்கும்வரை அப்பொறுப்பை வகித்தார். 1950ஆம் ஆண்டு முதல் ஐதராபாத் நகரப் பொலிஸ் அணியின் பயிற்றுநராகவும் விளங்கினார். அவ்வணி 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் இடைவிடாது பம்பாயின் றோவர்ஸ் கிண்ணத்தைக் கைப்பற்றியது. கல்கத்தாவே இந்திய உதைபந்தாட்டத்தின் தாயகம் என்றிருந்த காலத்தில் தெற்கிலிருந்து இவ்வாறு ஓர் அணி எழுந்தமை பலரை வியப்பில் ஆழ்த்திற்று.

அவர் கையாண்ட முறை வகுப்பறை முறையே. மாணவனுக்குக் கணக்கில் பலவீனமிருந்தால் கணக்கையே மிகுதியாகக் கொடுப்பார் நல்லாசிரியர். ரஹீமும் அவ்வாறே செய்தார். வலக்காலால் மட்டும் உதைக்கப் பழகியவர்களுக்காக, பழகாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு போட்டிகளை நடத்தினார். பந்தைத் தாமே வைத்துக்கொண்டு எதிரிகளை ஏய்த்து ஓடும் ஆசை இளைஞரிடம் மிகுந்திருப்பதைக் கண்டு, அவ்வாறு ஏய்த்தோடுதல் கூடாது என்னும் விதியோடும் போட்டிகள் வைத்தார். இரசிகர் கைதட்டுவது தனி ஒருவனின் வித்தைக்கு. அணிக்கு வெற்றி தருவதோ பந்தை உரிய வேளையில் உரியவனிடம் சேர்த்தல். இவ்வேறுபாட்டை அவர் நன்குணர்ந்திருந்தார்.

அவரது அணிவகுப்பு மாற்றங்களை விளங்கிக்கொள்ள, விதிக்கும் வியூகத்திற்கும் உள்ள தொடர்பைச் சிறிது கூறவேண்டும். 1925ஆம் ஆண்டுக்கு முன், பந்து முன்னோக்கி உதைக்கப்படும் வேளையில் ஓர் ஆட்டக்காரனுக்கும் எதிரியின் எல்லைக்கும் இடையே எதிரணியினர் மூவராவது இருத்தல் வேண்டும்; இல்லையேல் ஓப் சைட். அவ்வாண்டில் மூவர் என்பது இருவராகக் குறைக்கப்பட்டது. ஒரு சொல்லே மாறியது. ஆனால் கோல்கள் பெருகின. பின்வரிசையில் இருவர் மட்டும் நின்று காத்தல் அரிதாயிற்று. இங்கிலாந்தின் ஆர்சனல் கழகத்தில் ஹேர்பேர்ட் சப்மன் என்பார் நடுவரிசை வீரர் ஒருவரைப் பின்னே இழுத்து மூன்றாம் காப்பாளராக்கினார். ஆங்கில எழுத்துகளாகிய டபிள்யூ, எம் ஆகியவற்றின் வடிவில் அமைந்தமையால் அவ்வணிவகுப்பு அப்பெயர்களாலேயே வழங்கலாயிற்று. நடுவரின் கையிலுள்ள விதி மாறும்பொழுது ஆட்டத்தின் அமைப்பும் மாறியாக வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. எனினும் இந்திய அணி கால் நூற்றாண்டு கடந்த பின்னரும் பின்னே இருவர், நடுவே மூவர், முன்னே ஐவர் என்னும் பழைய முறையிலேயே ஆடிக்கொண்டிருந்தது.

1950ஆம் ஆண்டில் ரஹீம் இந்திய அணியின் பயிற்றுநரானார். மறுவருடம் புதுடில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில், இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. அக்கோலை அடித்தவர் மேவாலால். 1952இல் நமது கொழும்பு மாநகரில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகள் மோதிய நாற்கோணப் போட்டி தொடங்கியது. கொழும்புக் கிண்ணம் எனப்பட்ட அதனை முதலாண்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் பகிர்ந்துகொண்டன. புகழ் ஏறுமுகமாகவே இருந்தது.

அப்புகழின் உச்சியில் விழுந்த அடி மிகப் பெரிது. 1952ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா இந்தியாவை 10-1 என்று தோற்கடித்தது. இந்திய வீரர் பலர் சப்பாத்து அணியாது வெறுங்காலோடு ஆடினர். சப்பாத்தணிந்து மூன்று காப்பாளர் முறையில் பயின்றோர்க்கு முன்னே, வெறுங்காலும் இரண்டு காப்பாளரும் நிற்க இயலவில்லை. ஒரேயொரு கோலை ஆட்டம் முடியும் தறுவாயில் அகமது கான் அடித்தார்.

பத்துக் கோல்கள் வாங்கிய பின் நடுவரைக் குறைகூற யாராலும் இயலாது. ஆயினும் குளிரைக் கூறலாம். ஈரத் தரையைக் கூறலாம். எதிரணி பெரியது என்று கூறலாம். இவை யாவும் உண்மையே. யூகோஸ்லாவியா அவ்வொலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற அணியுமாகும். ஆனால் குளிரையும் தரையையும் எதிரணியையும் மாற்றுதல் நம்மால் ஆவதன்று. நமது காலையும் நமது வரிசையையும் மாற்றுதல் ஆகும். இந்தியச் சம்மேளனம் சப்பாத்து அணிதலைக் கட்டாயமாக்கியது. ரஹீம் பழைய இருவர் காப்பு முறையைக் கைவிட்டு மூவர் காப்பு முறையைப் புகுத்தினார். பழக்கத்தில் ஊறிய முறையைக் கைவிடுதல் எளிதன்று. பழையதே நமது மரபு என்று வாதிடுவோர் எக்காலத்தும் உளர். அவர் வாதிடாமல் பயிற்சி கொடுத்தார்.

நான்காண்டுகளுக்குப் பின் பயன் விளைந்தது. 1956இல் மெல்பேண் ஒலிம்பிக்கில் ஹங்கேரி விலகியமையால் இந்தியா முதற் சுற்றை ஆடாமலே கடந்தது. பின்னர் அவுஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்றது. நெவில் டி சூசா மூன்று கோல்கள் அடித்து, ஒலிம்பிக் ஆட்டமொன்றில் மூன்று கோல்கள் அடித்த முதல் ஆசியர் என்னும் பெருமை பெற்றார். நான்காவது கோலை அடித்தவர் கிட்டு என வழங்கப்பட்ட கிருஷ்ணசாமி. அரையிறுதியில் பழைய எதிரியாகிய யூகோஸ்லாவியா மீண்டும் வந்தது. இம்முறை முதற்கோலை அடித்தது இந்தியாவே. எனினும் இறுதியில் 4-1 என்று தோற்றது. மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 என்று தோற்று நான்காம் இடம் பெற்றது. பத்துக்கு ஒன்று நான்குக்கு ஒன்றாகக் குறைந்தமை இரசிகர்க்கு மற்றொரு தோல்வியே. ஆசிரியருக்கோ அது மாணவனின் புள்ளி உயர்ந்தமைக்கு அடையாளம்.

1960இல் உரோமாபுரி ஒலிம்பிக்கில் பலம் மிக்க ஹங்கேரியிடம் 2-1 என்று மட்டுமே தோற்று, பிரான்சோடு 1-1 என்று சமநிலை கண்டது இந்தியா. ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தவர் துளசிதாஸ் பலராம். சிகந்தராபாத்திற்கு அண்மையிலுள்ள அம்முகுடாவில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பயிற்சிக்கு வந்துபோக வழியின்றி நின்ற அவ்விளைஞனுக்கு வாடகைச் சைக்கிளுக்கான பணத்தைத் தாமே கொடுத்து வரவழைத்தவர் ரஹீம். திறமை இருந்தும் வண்டிக் கூலி இல்லாமையால் வீட்டில் இருந்துவிடும் மாணவரை நமது தோட்டப்புறப் பாடசாலைகளில் பணியாற்றுவோர் நன்கறிவர். அச்சிறு தொகை கொடுபடாதிருந்தால் ஹங்கேரிக்கு எதிரான அக்கோலும் இல்லை.

ரஹீமின் வாழ்வின் மணிமுடி 1962ஆம் ஆண்டின் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவாகும். அப்பொழுது புற்றுநோய் அவரது உடலை அரித்துக்கொண்டிருந்தது. இந்தியா முதலாட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 என்று தோற்றது. பின்னர் தாய்லாந்தை 4-1 என்றும், யப்பானை 2-0 என்றும் வென்றது. தாய்லாந்துடனான ஆட்டத்தில் பின்வரிசைத் தூணாகிய ஜர்னயில் சிங் தலையில் காயமுற்றார், தையல் போடவேண்டியதாயிற்று. அரங்கத்தின் பகைமையோ அதனினும் பெரிய காயம். இஸ்ரவேலையும் தாய்வானையும் இந்தோனேசியா அவ்விழாவுக்கு அனுமதிக்க மறுத்தமையை இந்திய அதிகாரியான சோந்தி கண்டித்தார். அதனால் வெகுண்ட உள்ளூர் மக்கள் இந்திய வீரரைக் கண்ட இடமெல்லாம் கூச்சலிட்டனர்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ரஹீம் அவ்வேளையில் செய்தது அம்மூன்றுக்கும் உரை எழுதியது போன்றது. தலையில் கட்டோடு நிற்கும் ஜர்னயில் பின்வரிசையில் முழுப்பலத்தோடு காக்க இயலாதவர். ஆனால் மாணவப் பருவத்தில் முன்வரிசையில் ஆடிப் பழகியவர். ஆகவே அவரை முன்வரிசையின் நடுவில் நிறுத்தினார். காப்பாளனைத் தாக்குபவனாக்குதல் பித்துச் செயல் என்று இரசிகர் பலர் கூறியிருப்பர். அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்றபொழுது அம்மூன்றில் ஒன்று ஜர்னயிலின் கோல். இறுதியாட்டத்திற்கு, காய்ச்சலால் ஒதுங்கியிருந்த நெடிய உருவினரான பீற்றர் தங்கராஜை மீண்டும் கோல் காப்பாளராக நிறுத்தினார். கொரியரின் உயரப் பந்துகளுக்கு அவரது உயரமே மருந்து எனக் கண்டார்.

செப்டெம்பர் 4ஆம் நாள், ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் கூடிய அரங்கில், முன்னர் தோற்கடித்த அதே தென் கொரியாவை இந்தியா எதிர்கொண்டது. பி. கே. பானர்ஜி ஒரு கோலும், தலைக்கட்டோடு நின்ற ஜர்னயில் சிங் மற்றொரு கோலும் அடித்தனர். கொரியா இறுதிக் கட்டத்தில் ஒன்றைத் திருப்பியது. 2-1 என்று இந்தியா தங்கம் வென்றது. அதன் பின் இன்றுவரை ஆசிய விளையாட்டு விழாவில் உதைபந்தாட்டத் தங்கம் இந்தியாவுக்குக் கிட்டவில்லை. அவ்வெற்றிக்கு ஒன்பது மாதங்களின் பின், 1963ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் நாள், தமது ஐம்பத்து மூன்றாம் வயதில் ரஹீம் மறைந்தார். பிற்காலத்தார் பலர் அவர் பெயரை 2024இல் வெளிவந்த மைதான் என்னும் இந்தித் திரைப்படத்தின் வாயிலாகவே முதன்முறை கேட்டனர்.

அவரது குடும்ப வரலாற்றில் நம் இரசிகர் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. மகன் சையத் ஷாஹித் ஹக்கீம் உரோமாபுரிக்குச் சென்ற அணியில் இடம்பெற்றவர். விமானப்படையிற் பணியாற்றிய அவர், பின்னர் சர்வதேச நடுவராகி, 1988இல் ஆசியக் கிண்ணப் போட்டியிலும் கடமையாற்றி, 2021இல் காலமானார். அணியை வகுத்தவர் தந்தை. தீர்ப்பை வழங்கியவர் தனயன். இரசிகர் பகைவராகக் காணும் இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்.

நடுவரும் மனிதரே, பிழை செய்வர். அதனைக் குறைப்பதற்கு உலகம் முயன்றே வந்துள்ளது. எச்சரிக்கையையும் வெளியேற்றத்தையும் யாவரும் அறியும்படி மஞ்சள், சிவப்பு அட்டைகளை வகுத்த கென் அஸ்ரன் என்பாரும் இங்கிலாந்தில் ஆசிரியராக இருந்தவரே. அவை 1970 உலகக் கிண்ணத்தில் நடைமுறைக்கு வந்தன. 2018 உலகக் கிண்ணம் முதல் ஒளிப்படக் கருவியின் துணையோடு தீர்ப்புகள் மீளாய்வு செய்யப்படுகின்றன. ஆயினும் வாக்குவாதம் ஓய்ந்ததா? இல்லை. பார்ப்பவர் கண்ணில் பக்கச்சார்பு உள்ளவரை, கருவி காட்டும் படத்தையும் நாம் நமக்கேற்பவே காண்போம். வள்ளுவர் நடுவு நிலைமையைத் தீர்ப்பு வழங்குவோர்க்கு மட்டும் விதித்தாரல்லர். யாவர்க்கும் பொதுவாகவே வகுத்தார்.

ஆகவே மாத்தளை மைதானமாயினும், வஹகோட்டை போன்ற சிற்றூரின் வெளியாயினும், நமது மாணவர் ஆடுமிடத்தில் நிற்கும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். நாம் எழுப்பும் ஒலியைச் சிறுவர் கேட்கின்றனர். தோல்விக்கு நடுவரே காரணம் என்று நாம் முழங்கினால், நாளை பரீட்சையில் தவறிய மாணவனும் வினாத்தாள் திருத்தியவரையே குறைகூறுவான்; தனது பழகாத காலை அவன் பழக்கமாட்டான். தவறான தீர்ப்பு ஓர் ஆட்டத்தைக் கெடுக்கும். அதனையே பேசிக்கொண்டிருக்கும் பழக்கம் ஒரு தலைமுறையைக் கெடுக்கும்.

நடுவரின் ஊதுகுழல் நம் கையில் இல்லை. நமது காலும், நமது வரிசையும், நமது உழைப்பும் நம் கையில் உள்ளன. பத்துக் கோல்களின் சுமையைத் தாங்கிப் பத்தாண்டுகள் உழைத்துத் தங்கமாக மாற்றிய ரஹீம் ஆசிரியர் இதனையே கற்பித்தார். அவர் நாமம் வாழ்க! நம் கல்லூரி மாணவர் அவர் வழி நின்று ஓங்குக!